கோர்தோபாவில் பதினேழு ஜோடி

தம்பி, அந்தப் புஸ்தகத்தைச் சித்த காட்டுங்க. ஸ்பெயினா? பன்னெண்டு நாளா? நல்லதுங்க, போயிட்டு வாங்க. நாங்க மே மாசந்தான் போயிட்டு வந்தம். ஈரோட்டுல ரயில் ஏறுனதுல இருந்து பாக்கறேன், நீங்க அதே பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருக்கறீங்க. கோர்தோபா இருக்குதுங்களா அதுல? இருக்குது பாருங்க, ஏழாம் நாள். எங்களுக்கும் ஏழாம் நாள்தான்.

கோர்தோபாவுல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. அங்க ஒரு பெரிய கோயில் இருக்குது. மசூதியா இருந்து அப்பறம் சர்ச்சாக்குனது. உள்ள போறப்ப செருப்பைக் கழட்டுனீங்கன்னா, நம்பிக்கையான ஆளைக் காவலுக்கு உக்கார வெச்சுட்டுக் கழட்டுங்க. நான் ஆளை நம்பிக் கெட்டேன்.

யாரைன்னு கேக்கறீங்களா? சம்சாரத்தைத்தான்.

என் பேரு நாச்சிமுத்துங்க. கோபியில மின்வாரியத்துல உதவிப் பொறியாளரா இருந்து ரிட்டயர் ஆயி ஆறு வருசமாச்சு. எங்க ஊர்க் கோயில் கமிட்டிக்கு நாந்தான் தலைவர். எதுக்குச் சொல்றேன்னா, கோயில் விஷயத்துல தெரியாம ஒண்ணும் பேச மாட்டேன். சம்சாரம் பேரு துளசிமணி. கல்யாணமாயி முப்பத்திநாலு வருசம். ஒரு குத்தம் சொல்ல முடியாது. அதாவது, மே மாசம் வரைக்கும். இப்ப மூணு மாசமா மெட்ராஸ்ல மக வீட்டுல இருக்கறா. கூட்டிட்டு வரத்தான் போயிட்டிருக்கறேன். வருவாளா மாட்டாளான்னு தெரியலைங்க. அதான் ராத்திரி தூக்கமில்லை, கண்ணு செவந்து கெடக்குது. வேற ஒண்ணுமில்லை.

கோர்தோபா எப்படின்னு கேளுங்க, சொல்றேன். சூடு. கல்லுப் பாவுன சந்து, அந்தக் கல்லு சூடு. வேற என்ன சொல்றது? செவுரெல்லாம் வெள்ளை அடிச்சிருக்கறாங்க, செவுத்துல பூந்தொட்டியா மாட்டியிருக்கறாங்க. ஆத்துக்கு மேல ரோமாபுரிக்காரங்க கட்டுன பாலம் ஒண்ணு இருக்குது, இன்னும் ஆடாம நிக்குது. தெருவுக்குத் தெரு ஆரஞ்சு மரம். ஒருத்தரும் பறிக்கறதில்லை. ஏன்னு கேட்டா கசக்குமாம். எங்ககூட வந்த சமையல்காரர் மிச்சம் இருந்ததுல நாலு பறிச்சு ஊறுகாய் போட்டாரு. நல்லாத்தான் இருந்துச்சு. மத்தபடி அந்த ஊரை நான் உள்ளங்கால்லதான் பாத்தேன், அதான் சூடுங்கறேன்.

நாங்க பதினெட்டுப் பேருங்க. எல்லாம் கோபி, பெருந்துறை, சத்தி ஆளுக. டூர் மேனேஜர் ஜஸ்டின்னு ஒரு பையன், தங்கமான பையன், என்ன, வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அந்த ஊர்ல இருந்து பிலார்னு ஒரு பொண்ணு மஞ்சக் குடையைத் தூக்கிப் புடிச்சுட்டு முன்னாடி நடக்கும், நாங்க பின்னாடி போவோம். கோயில் வாசலுக்கு வந்ததும் நான் எல்லாரையும் நிறுத்துனேன். செருப்பைக் கழட்டுங்கன்னேன்.

ஜஸ்டின் சொல்றான், "அண்ணா, இங்க ஷூ போட்டுட்டே போலாங்ணா. எல்லாரும் போறாங்க பாருங்க."

"எல்லாரும் போவாங்க கண்ணு. நாம போலாமா? ஆயிரத்து எரநூறு வருசமா சாமி கும்புட்ட எடம்."

பிலாருகிட்ட அவன் இங்கிலீஷ்ல என்னமோ சொன்னான். அது என்னைப் பாத்துச்சு, எங்க காலைப் பாத்துச்சு, தோளைக் குலுக்கிக்கிச்சு. பொன்னுசாமின்னு ஒரு வக்கீல் வந்திருந்தாருங்க, அவருதான் மொதல்ல, "அண்ணன் சொல்றது சரிதான்" அப்படின்னு குனிஞ்சு கழட்டுனாரு. அப்பறம் எல்லாரும் கழட்டிட்டாங்க. எல்லாம் டூருக்குன்னே வாங்குன வெள்ளை ஷூ. காவல்காரன் ஒருத்தன் கையைக் கையை ஆட்டி என்னமோ சொன்னான். நான் கும்புட்டேன். அவனும் விட்டுட்டான். மரியாதைன்னா எந்த ஊர்லயும் புரியுமுங்க.

அப்பறம் செருப்பை யாராவது பாத்துக்கோணுமில்லீங்களா? துளசியைத் திரும்பிப் பாத்தேன். அவளே போயி செவுத்தோரமா இருந்த கல்லு மேல உக்காந்துட்டா. வாய் தொறந்து சொல்லக்கூட வேண்டியதில்லைங்க, அப்படி ஒரு ஆளு. பழனியில, மதுரையில, திருச்செந்தூர்ல, காசியில, எங்க போனாலும் செருப்பு, பை, கண்ணாடி, போன், எல்லாம் அவகிட்டக் குடுத்தா அப்படியே இருக்கும். நம்ம ஆளு ஒண்ணு வெளிய இருந்தா உள்ள நிம்மதியா கும்புடலாம் பாருங்க.

இல்லைங்க தம்பி, அப்படிப் பாக்காதீங்க. நீ உள்ள வராதேன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்லை. "நாங்க போயிட்டு வந்துடறம், அப்பறம் நீ போயிட்டு வா"ன்னுதான் ஒவ்வொரு வாட்டியும் சொல்லியிருக்கறேன். நாங்க வெளிய வர்றதுக்குள்ள நடை சாத்திருவாங்க. இல்லாட்டி பஸ்ஸுக்கு நேரமாயிரும். நடை சாத்தறது என் கையிலயா இருக்குது? திருச்செந்தூர்ல ரெண்டு மணி நேரம் கடலைப் பாத்துட்டு உக்காந்திருந்தா. கடலும் பாக்க வேண்டியதுதானுங்களே. தாஜ்மகால்ல கால் மேல துணி உறை மாட்டிட்டு ஷூவோடயே போலாமுன்னு திரும்பி வர்றப்பத்தான் தெரிஞ்சுது. அதுக்கு யாரு என்ன பண்றது?

சரி, கதைக்கு வர்றேன். உள்ள போனம். ஒரு மணி நேரம் இருந்தம். வெளிய வந்தம். செருப்பு இல்லை. துளசியும் இல்லை.

மொதல்ல செருப்பைத்தான் தேடுனம். அவ பக்கத்துல எங்காவது இருப்பான்னு நெனைச்சம். அவ போறப்ப அம்போன்னு போட்டுட்டுப் போகலைங்க, அதையும் சொல்லோணும். ரெண்டு வரிசையா, ஜோடி ஜோடியா, மூக்கு செவுத்தைப் பாத்தாப்பல அடுக்கி வெச்சுட்டுத்தான் போயிருக்கறா. அதுதான் வெனையாப் போச்சு. எதிர்க் கடைக்காரர்கிட்ட பிலார் விசாரிச்சுச்சு. வர்றவங்க போறவங்க எல்லாம் அதை ஏதோ கலைக் கண்காட்சின்னு நெனைச்சு நின்னு போட்டோ எடுத்தாங்களாம். ஒரு வெள்ளைக்காரம்மா ரொம்ப நேரம் கையைக் கட்டிட்டு நின்னுட்டுப் போச்சாம். அப்பறம் தெருக் கூட்டற வண்டி ஒண்ணு வந்து, கேக்க ஆளில்லைன்னதும், வாரிப் போட்டுட்டுப் போயிருச்சாம். பதினேழு ஜோடி.

சரி, புதுசா வாங்கிக்கலாமுன்னு பாத்தா, கடையெல்லாம் சாத்தியிருக்குது. அந்த ஊர்ல மத்தியானம் ரெண்டு மணிக்குச் சாத்துனா அஞ்சு மணிக்குத்தான் தொறப்பாங்களாம். வீட்டுக்குப் போயிச் சாப்பிட்டுத் தூங்குவாங்களாம். நம்ம ஊர்ல ரேஷன் கடைகூட அவ்வளவு நேரம் சாத்தறதில்லைங்க. பதினேழு பேரும் வெறுங்கால்ல, கல்லு சட்டியாட்டக் காயுது, நெழல் நெழலாப் பாத்துத் தவ்வித் தவ்விப் போறம். ஒரே ஒரு கடை தொறந்திருந்துச்சு. டான்ஸ் ஆடறதுக்குப் போடற செருப்பு விக்கற கடை. செவப்புல வெள்ளைப் புள்ளி, குதிகால் இத்தன ஒசரம், பொம்பளைக போடறது. வக்கீல் பொன்னுசாமிக்கு சக்கரை வியாதி, கால்ல கொப்புளம் வரக்கூடாது. வாங்கிப் போட்டுக்கிட்டாரு. சந்துல அவரு நடந்தா டக்கு டக்குன்னு சத்தம். சன்னலைத் தொறந்து பாக்கறாங்க. அவரு இன்னிக்கு வரைக்கும் எங்கிட்டப் பேசறதில்லை. கோயில்ல பாத்தாலும் அந்தப் பக்கமாத் திரும்பிக்கறாரு. அதுக்கும் நாந்தான் பொறுப்பாமா?

துளசியைத் தேடலையான்னு கேக்கறீங்களா? தேடுனமுங்க. தேடாம இருப்பமா? பாலம் வரைக்கும் போனம். பாஷை தெரியாத ஊரு, அவகிட்ட போன் இல்லை, போன் எங்கிட்ட இருந்துச்சு. படம் புடிக்க என் போன்ல எடம் இல்லைன்னு அவளுதை வாங்கிட்டுப் போயிருந்தேன். ஆத்தைப் பாக்கறப்ப என்னென்னமோ தோணுச்சு. போலீசுல சொல்லலாமுன்னு ஜஸ்டின் சொன்னான். பஸ்ஸுல பாஸ்போர்ட் நகல் இருக்குது, அதை எடுத்துட்டுப் போலாமுன்னு எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடுனம்.

பஸ்ஸுல உக்காந்திருக்கறா. என் சீட்டுல, சன்னலோரமா. காத்தாட.

"எங்க போனே?"ன்னு கேட்டேன்.

"அஞ்சு மணிக்கு பஸ்ஸுன்னு சொன்னீங்க. அஞ்சாக இன்னும் பத்து நிமிஷம் இருக்குதுங்க" அப்படிங்கறா.

நான் திட்டலைங்க தம்பி. பதினாறு பேர் முன்னாடி சம்சாரத்தைத் திட்டற ஆளு நானில்லை. "உன்னை நம்பித்தான விட்டுட்டுப் போனேன்"ன்னு மட்டும் கேட்டேன். அதை ஒரு ஏழெட்டு வாட்டி கேட்டிருப்பேன், அவ்வளவுதான். அவ எல்லாத்தையும் கேட்டுட்டு, பஸ்ஸு ஊரைத் தாண்டுனதுக்கப்பறம், "ஏனுங்க, உள்ள எப்படி இருந்துச்சு?"ன்னா.

"தூணு"ன்னேன்.



எங்க போயிருந்தாங்கறதே எனக்கு ஜூன் மாசந்தான் தெரிஞ்சுது. அதுவும் அவ சொல்லலை. எங்க மக இந்துமதி சொன்னா. அந்த ஊர்ல மே மாசம் வீட்டு முத்தத்துல பூச்செடி அலங்காரம் பண்ணி, வாசக்கதவைத் தொறந்து வெச்சுருவாங்களாம், யாரு வேணாலும் உள்ள வந்து பாக்கலாமாம். இவ சும்மா ஒரு சந்துக்குள்ள நடந்து போனவ, ஒரு வீட்டைப் பாத்து நின்னிருக்கறா. இவ வயசுல ஒரு பொம்பளை, கையில மாவுக்கட்டு. செவுத்துல ஒசரமா மாட்டுன தொட்டிக்குத் தண்ணி ஊத்தறதுக்கு நீளமா ஒரு கழி, அது நுனியில தகர டப்பா கட்டியிருக்குமாம். ஒத்தைக் கையில தூக்க முடியாம அந்தம்மா தடுமாறியிருக்குது. இவ போயி வாங்கி ஊத்தியிருக்கறா. ஒரு தொட்டி இல்லைங்க, அந்த முத்தம் பூராவும். அப்பறம் அந்தம்மா வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயி, நாற்காலி போட்டு உக்கார வெச்சு, தக்காளியை அரைச்சு சில்லுன்னு கிண்ணத்துல குடுத்துச்சாம். இவளுக்கு அந்தப் பாஷை தெரியாது, அதுக்குத் தமிழ் தெரியாது. ரெண்டு மணி நேரம் என்னத்தைப் பேசியிருப்பாங்க? வீடு பூராவும் காட்டுச்சாம். கட்டில், பீரோ, சாமி படம், புருசன் போட்டோ, எல்லாம்.

"இத்தனை நாளா உங்கம்மா ஏன் எங்கிட்டச் சொல்லலை?"ன்னு மககிட்டக் கேட்டேன்.

"நீங்க கேக்கலையேப்பா" அப்படிங்கறா.

நான் கேட்டனுங்க. எங்க போனே எங்க போனேன்னு எத்தனை வாட்டி கேட்டேன்!

பேத்திக்கு ஸ்கூல் தொறக்குது, பத்து நாள் இருந்துட்டு வர்றேன்னு ஜூன் ஒண்ணாந்தேதி மெட்ராஸ் போனவதான். பத்து நாள் மூணு மாசமாயிருச்சு. சண்டையெல்லாம் ஒண்ணுமில்லை. தெனமும் போன்ல பேசறா. மாத்திரை சாப்பிட்டீங்களான்னு கேக்கறா. எப்ப வர்றேன்னா, பாக்கலாங்க அப்படிங்கறா. வாட்சப்புல தெனம் ஒரு போட்டோ வருது. மயிலாப்பூர்ல கொடிமரத்துப் பக்கத்துல நிக்கறா. திருவான்மியூர்ல நிக்கறா. காஞ்சிபுரம், திருத்தணி. கூட மக வீட்டுப் பக்கத்துல இருக்கற பொம்பளைக நாலு பேரு. எல்லாத்துலயும் வெறுங்கால். அப்ப செருப்பை யாரு பாத்துக்கறாங்கன்னு கேட்டேன். டோக்கன் போட்டு வாங்கி வெச்சுக்கறாங்களாம். டோக்கன் பழனியிலயும் இருக்குதுங்க. வீட்டு ஆளு இருக்கறப்ப ஊரான் கையில எதுக்குக் குடுக்கோணும்? இத்தனை கோயில் எதுக்குப் போறான்னு யோசிச்சுப் பாத்தேன். செருப்பை விட்டுட்டுப் போனதுக்குப் பரிகாரமா இருக்கும். எனக்காக வேண்டிக்கறாளோ என்னமோ.

போன வாரம் நானே சொல்லிட்டேன். "ஷூ போனது போச்சு துளசி, நான் அதை மறந்துட்டேன், நீ வந்துரு"ன்னேன். அப்பறம் சொல்றா, "எனக்குக் கோவமில்லைங்க. உக்காந்து உக்காந்து பாத்தேன், எந்திரிச்சுட்டேன். அவ்வளவுதானுங்க."

"சரி, எப்ப வர்றே?"ன்னேன்.

"ஒண்ணு பண்ணுங்க. நீங்க இங்க வாங்க. அந்தக் கோர்தோபாக் கோயிலுக்குள்ள என்ன பாத்தீங்கன்னு மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் எங்கிட்டச் சொல்லுங்க. கேட்டுட்டு உங்ககூடவே வந்தர்றேன்."

"தூணுன்னு அப்பவே சொன்னனே."

"தூணுன்னா எப்படித் தூணு?"

எண்ணூத்தி அம்பத்தாறுன்னேன். பிலார் சொன்னது ஞாபகம் இருந்துச்சு. அவ போனை வெச்சுட்டா.

என்ன தம்பி, ஜோலார்பேட்டை வந்துருச்சா? நேரம் போறதே தெரியலை. வேர்க்கடலை எடுத்துக்கங்க, நானே வறுத்தது. சமையலெல்லாம் பழகிக்கிட்டேன், அது ஒரு பிரச்சினையில்லை. நேத்து கமிட்டிக் கூட்டத்துல ஒரு கூத்து நடந்துச்சு. செயலாளர் மைக்கு அணைச்சுட்டாங்கன்னு நெனைச்சு பொருளாளரை ஒரு வார்த்தை சொல்லிட்டாரு, ஊரெல்லாம் கேட்டுருச்சு. எனக்குச் சிரிப்புத் தாங்கலை. வேகவேகமா வீட்டுக்கு வந்து, கதவைத் தொறந்து, "துளசி"ன்னுட்டு நிக்கறேன். ஃபேன் சத்தந்தான் கேக்குது. அப்படியே செருப்போட கொஞ்ச நேரம் நின்னுட்டு இருந்தனுங்க. அவ இல்லாம முடியலை தம்பி. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, முடியலை.

அதான் இப்ப ஒரு உதவி. அந்தக் கோயிலுக்குள்ள என்ன பாத்தேன்னு எனக்கு ஞாபகம் வர மாட்டேங்குது. போன வாரம் பூரா யோசிச்சுப் பாத்துட்டேன். தரை சில்லுன்னு இருந்துச்சு, அது தெரியுது. மத்ததெல்லாம், இந்த ஆளுக தூணுக்குப் பின்னாடி தூணுக்குப் பின்னாடி போயிருவாங்களா, நான் எண்ணிட்டே இருந்தேன். ஒண்ணு, ரெண்டு, பதினஞ்சு, பதினாறு, என்னோட சேத்தி பதினேழு. ஒரு ஆள் கொறைஞ்சா மறுக்கா மொதல்ல இருந்து. துளசி போன்ல நான் எடுத்த போட்டோவை மக அனுப்பி வெச்சா. எரநூத்திப் பதினாலு இருக்குது. பாருங்க, எல்லாம் மூஞ்சி. வக்கீல் மூஞ்சி, அவங்க சம்சாரம் மூஞ்சி, என் மூஞ்சி. ஜஸ்டினுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "எங்கங்ணா பாக்க விட்டீங்க, வரிசையில நில்லு வரிசையில நில்லுன்னே ஓட்டிட்டுப் போனீங்க" அப்படிங்கறான்.

உங்க போன்ல நெட்டு இருக்குதுங்களா? கோர்தோபாக் கோயில்னு போட்டுப் பாருங்க. உள்ள என்னென்ன இருக்குதுன்னு ஒவ்வொண்ணாச் சொல்லுங்க, நான் இந்த நோட்டுல குறிச்சுக்கறேன். மெட்ராஸ் போறதுக்குள்ள மனப்பாடம் பண்ணிருவேன். டிபார்ட்மென்ட் பரீட்சையெல்லாம் அப்படித்தான் எழுதுனேன். மொதல்ல வாசல்ல இருந்து ஆரம்பிங்க.

எங்க, காட்டுங்க. கொஞ்சம் பெருசாக்குங்க.

இதுங்களா? இதுக்குள்ளயா நான் இருந்தேன்?

இல்லைங்க, வேற எடமா இருக்கப் போகுது, பேரைச் சரியாப் பாருங்க. அதேதானா? செவப்பு, வெள்ளை, செவப்பு, வெள்ளை. வளைவு மேல வளைவு. முடிவே தெரியலையே, போயிட்டே இருக்குது. எங்க ஊர்ல பாக்குத் தோப்புக்கு நடுவுல நின்னு பாத்தா இப்படித்தான் இருக்கும், எந்தப் பக்கம் திரும்புனாலும் மரத்துக்கு அந்தப் பக்கம் மரம். துளசிக்குப் பாக்குத் தோப்புன்னா உசுரு. இந்தப் படத்தைத் தள்ளுங்க, அடுத்தது. அடேங்கப்பா. இது மேல்கூரையா? நான் மேல பாக்கவே இல்லைங்க தம்பி.

இதை அவ பாத்திருக்கோணும்.

வேண்டாங்க, படிக்காதீங்க. போனை வெச்சிருங்க. நோட்டும் வேண்டாம். இதை நான் ஒப்பிச்சேன்னா அவ நம்பிருவா, கெளம்பியும் வந்துருவா. முப்பத்திநாலு வருசமா நான் வெளிய வந்து சொன்னதையெல்லாம் நம்புனவதான? இன்னொரு வாட்டி அப்படி வேண்டாம்.

நானும் உள்ள ஒண்ணும் பாக்கலை துளசின்னு சொல்லிடறேன்.

அப்படிச் சொன்னா வருவாளாங்க, தம்பி?